நோவின் எடை

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆம்புலன்சின் பின் டயர் இரண்டும் எங்கள் தெரு முனையில் ஒரே நேரத்தில் வெடித்தன என்பதையும், இறங்கி வந்த டிரைவர் டயரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஏனுங் பெரியவரே, உள்ள வேற என்ன ஏத்தியிருக்கீங்க?" என்று கேட்டதையும், "நானும் என் முதுகும்தான்" என்று நான் சொன்னதையும் கல்லுப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் சொல்வார்கள், ஏனென்றால் என் முதுகு நோவுக்கு எடை வந்துவிட்டது என்று ஊர் தெரிந்துகொண்டது அந்த நிமிடத்தில்தான்.

கல்லுப்பாளையம் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற லாரி ஊர். வீட்டுக்கு ஒரு லாரி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு காலத்தில் இருந்திருக்கும், அதுவும் இல்லாவிட்டால் லாரியில் போய் வயிறு வளர்த்த ஒருத்தன் இருப்பான். நிற்கிற வண்டியின் டயர் எவ்வளவு பிதுங்கியிருக்கிறது, ஸ்பிரிங் பட்டை எவ்வளவு தட்டையாகியிருக்கிறது என்று பார்த்தே உள்ளே இருப்பது சிமெண்டா வெங்காயமா என்று சொல்லிவிடுகிற ஜனம். அதனால் ஒரு கிழவனின் நோவுக்கு எடை எப்படி வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு இருக்கும் என்று கேட்டார்கள், எதன்மேல் வைப்பது என்று கேட்டார்கள், வைத்தால் தரை தாங்குமா என்று கேட்டார்கள்.

தரை தாங்கவில்லை. என்னைப் படுக்கவைத்த கட்டிலின் நான்கு கால்களும் சிமெண்டுத் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கின. ஸ்பிரிங் பட்டை அடிக்கிற பட்டறை வைத்திருக்கும் இப்ராகிம் பாய் ஜாக்கிகளோடும் இரும்புச் சானல்களோடும் வந்து, லாரியைத் தூக்குகிற மாதிரி கட்டிலை நாலு மூலையிலும் தூக்கி, அடியில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கி, கட்டில் சட்டத்துக்குக் கீழே பத்து சக்கர வண்டியின் பட்டைகளை வெட்டிப் பொருத்தினார். "மாரண்ணே, இனி நீங்க குண்டும் குழியுமாத் திரும்பிப் படுத்தாலும் கட்டில் தாங்கும்" என்றார். என் மனைவி பாவாயி டீ கொடுத்தாள். ஊர்க்காரர்கள் டீ குடித்துக்கொண்டே, லோடு முன்னால் அதிகமா பின்னால் அதிகமா என்று பேசினார்கள். பின்னால்தான், இடுப்புக்கு மேலே, கம்பியும் திருகாணியும் வைத்துத் தைத்த இடத்தில்.

பிறகு எடை மேடைக்கும் கொண்டுபோனார்கள். காலி லாரியை நிறுத்தி ஒரு எடை, என்னை ஏற்றி ஒரு எடை. வித்தியாசம், அரை லோடு நெல். என் சதை எலும்பெல்லாம் அதில் ஒரு மூட்டைகூட வராது, ஆஸ்பத்திரியில் சோறு இறங்காமல் நான் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தேன். மீதியெல்லாம் நோவு. எடை மேடைக்காரர் அச்சடித்த சீட்டை என் கையில் கொடுத்தபோது, ஒரு முழு ஆயுளில் எவரும் எனக்குக் கொடுக்காத மரியாதையோடு கொடுத்தார்.

இந்த மரியாதைக்கு நான் ஏன் அவ்வளவு ஏங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் அத்தப்பனும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். நாக்பூர், இந்தூர், குளிரில் பஞ்சாப் வரை. அவன் ஓட்டும்போது நான் தூங்குவேன், நான் ஓட்டும்போது அவன் தூங்குவான், ஒரு பீடியை ஆளுக்குப் பாதி இழுப்போம். எனக்கு முதுகு நோவு வந்தது அந்த ஓட்டத்தில்தான். முதலில் இடுப்பில் ஒரு ஆணி, பிறகு காலுக்கு ஓடுகிற ஒரு நெருப்பு நூல். படம் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருநாள் லாரி ஸ்டாண்டு டீக்கடையில், எல்லாரும் இருக்கும்போது, அத்தப்பன் சொன்னான்: "மாரனுக்குப் பகல்ல முதுகு நோவறதில்லீங். ராத்திரி ஸ்டேரிங்கப் பிடிடான்னாத்தான் நோவுது. நல்லா நடிக்கறான்." எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அவர்களில் இருவர் செத்துப்போனார்கள். இரண்டு சாவுக்கும் நான் போகவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் எனக்கு 'நடிகர்' என்று பெயர். "நடிகரு வர்றாரு, சேர் போடு." நான் ஸ்டேரிங்கை விட்டேன், லாரியில் இருந்த என் பங்கை விட்டேன், அத்தப்பனோடு பேச்சை விட்டேன், நோவு மட்டும் என்னை விடவில்லை. கடைசியில் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் எலும்பு நழுவிவிட்டது என்று படத்திலேயே தெரிகிற அளவுக்கு ஆனபோது அறுத்துக் கம்பி வைத்தார்கள். வைத்த டாக்டர் புதுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என் முகத்தைப் பார்க்காமலே, எல்லாம் ஜோரா இருக்கு, இனி வலி இருக்கக் கூடாது என்றார். இருக்கக் கூடாது என்று சொன்னால் போய்விட அது என்ன அவர் வைத்த வேலையாளா? அவரையும் நான் மறக்கவில்லை.

ஆனால் எடை வந்த பிறகு 'நடிகர்' என்று ஒருவரும் கூப்பிடவில்லை. என் கட்டில் ஊருக்கு ஒரு பொதுச் சொத்தானது. ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டிகளைக் கொண்டுவந்து என் சன்னல் வழியாகக் கயிறு விட்டுக் கட்டில் காலில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஆடிக் காற்றில் பட்டறைக் கூரைத் தகரம் பறக்கப் பார்த்தபோது அதன் கம்பியையும் எனக்கே கட்டினார்கள். காற்று ஊதி ஊதி ஓய்ந்தது, தகரம் அசையவில்லை. காலையில் நான் அதிகம் கனப்பேன், மத்தியானம் கொஞ்சம் குறையும், மழை வருவதற்கு முன்பு மறுபடி ஏறும். கட்டில் பட்டை கிரீச்சிடுவதை வைத்துப் பெண்கள் வடகத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

நோவுக்காரர்களும் வந்தார்கள். தையல் மிசினில் குனிந்து குனிந்து கழுத்துப்போன சரசு, என் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே எடை மேடைக்குப் போய் ஏறி நின்றாள். முள் அவள் உடம்புக்கு உண்டானதை மட்டும் காட்டியது. திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் இருக்குதுங்கண்ணா. ஆனாக் காட்ட மாட்டீங்குது. எங்கூட்டுக்காரரு, பாத்தியா, ஒன்னுமில்ல, போயிச் சோத்த ஆக்குன்னு சொல்லிப்போட்டாரு."

"உனக்கு இருக்குது" என்றேன். "மேடை அறியாது." அவள் அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள் போல, தினமும் ஒருதரம் வந்து அதையே கேட்டுவிட்டுப் போனாள்.

இப்படி ஊரே வந்து பார்த்தது, அத்தப்பன் வரவில்லை. ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்தவனைப் பார்க்க எதிரி வீட்டுக்காரன்கூட ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஆள்விட்டுச் சொன்னேன்: வந்து என் தரையைப் பார், கட்டில் கால் இறங்கிய குழியைப் பார், நடிப்பு எவ்வளவு கனக்கிறது என்று பார். அவன் சொல்லியனுப்பிய பதில்: "படுத்துத் தின்னா எவனுந்தான் கனப்பான்."

அன்றைக்கு என் கட்டிலின் பட்டைகளில் ஒன்று முறிந்தது.

அவன் வராவிட்டால் நான் போவது என்று தீர்மானித்தேன். ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருச்செங்கோட்டு ரோட்டின்மேல், அவன் மாடிவீடு கட்டியிருந்தான். கீழே ஷட்டர் போட்ட வண்டி நிறுத்தும் இடம், வெளிப்படி ஏறிப் போனால் மேலே கூடம், கூடம் முழுக்கக் கறுப்புக் கிரானைட். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்று பீற்றிக்கொள்வானாம். அந்தக் கிரானைட்டின் நடுவில் போய் நான் நிற்க வேண்டும். அது விண்டு விரிசல்விட்டு, என்னோடு சேர்ந்து கீழே இருக்கிற அவன் வண்டியின் மேல் இறங்க வேண்டும். அப்போது அவன் வாயால் சொல்ல வேண்டும்.

ஊர் உற்சாகமாகிவிட்டது. கவிழ்ந்த லாரிகளைத் தூக்குகிற கிரேனைக் கொண்டுவந்து, என்னைக் கட்டிலோடு தூக்கி லாரியில் வைத்து, தார்ப்பாய் கட்டி, ஊர்வலமாகக் கிளம்பினோம். ஓடைப் பாலத்தில் முன் சக்கரம் ஏறியதும் பாலம் ஒரு சத்தம் போட்டது. லாரிக்காரர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வண்டியைப் பின்னுக்கு எடுத்து வீட்டுக்கே திருப்பிவிட்டார்கள். இனி எந்த வண்டியும் மாரப்பனை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போகக் கூடாது என்று மறுநாளே பலகை எழுதி வைத்துவிட்டார்கள்.

வாரத்துக்கு இரண்டுதரம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க சேலத்திலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். மெலிந்த பெண், குரல் மட்டும் கண்டக்டர் குரல். அவள் வந்த நாள் முதல் என்னை எழுந்து நடக்கச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். வண்டி போகாது என்று ஆன பிறகுதான் கேட்டேன், "அம்மிணி, நான் நடந்தே பாலத்தத் தாண்ட முடியுமா?"

"முடியுங்கய்யா. ஆனா நடந்தா எடை கொறையும்."

"ஏன் கொறையும்?"

"புண்ணு ஆறிருச்சு. எலும்பு கூடிருச்சு. நரம்புதான் இன்னும் நம்ப மாட்டீங்குது, இத்தன வருசமாக் கத்திக் கத்திப் பழகிருச்சு. கொஞ்சங் கொஞ்சமா நடந்து காட்டுனா, ஒன்னும் ஆகலைன்னு அதுக்கே தெரியும். அப்பக் கத்தறதக் கொறச்சுக்கும்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நோவு போகோணுங்களா, இல்ல நோவு இருந்துச்சுன்னு அவரு ஒத்துக்கோணுங்களா?"

"ரெண்டும்."

"எது மொதல்ல?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பும்போது அவள் சொல்லிக்கொடுத்தபடி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகத்தான் திரும்பினேன்.

நடக்கத் தொடங்கினேன். பெல்ட்டை இறுக்கி, ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்து, வாசற்படி வரை முதல் நாள். தெருவில் இறங்கியதும் என் கால் தாரில் கணுக்கால் வரை புதைந்தது. சேற்றில் மாட்டிய வண்டிக்குச் செய்கிற மாதிரியே ஊர்க்காரர்கள் பலகை போட்டார்கள். பின்னால் நான் விட்ட பலகையை எடுத்து முன்னால் போடுவது, அதில் நான் ஏறியதும் அடுத்ததை எடுப்பது. லோடு இறக்குகிறவர்கள் பாட்டுக்கட்டி இழுத்துப் பழகியவர்கள், சும்மா இருக்க முடியாமல் "ஏலேசா, மாரண்ணன் ஏலேசா" என்று ஆரம்பித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். பாட்டில் என் திட்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் எழுந்தபோது நோவு மிக லேசாக இருந்தது. வேப்ப இலை கால்மேல் விழுந்த மாதிரி. விடுவேனா? பலகைகளை ஒதுக்கச் சொல்லிவிட்டு எடை மேடையைத் தாண்டி, பஞ்சர் கடையைத் தாண்டி, பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வரை நடந்தேன். மறுநாள் விடிந்தபோது கட்டில் தண்டவாளக் கட்டைகளோடு சேர்ந்து ஒரு முழம் கீழே போயிருந்தது, ஜெசிந்தா அந்தப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துதான் என்னோடு பேசினாள்.

"தொப்பூர் எறக்கத்துல காலியா இருக்குதுன்னு நியூட்ரல்ல வுடுவீங்களா?"

"மாட்டேன்."

"எந்தக் கியரு?"

"ஏறுன கியரு."

"அதேதானுங்கய்யா. நல்லா இருக்கற அன்னிக்கும் அதே தூரம். நோவற அன்னிக்கும் அதே தூரம். கூட்டறத நாஞ் சொல்றேன்."

ஸ்டேரிங் பிடிக்காத பெண்ணுக்குத் தொப்பூர்க் கணவாய் தெரிந்திருந்ததில் எனக்கு ஒரு திருப்தி. அன்றிலிருந்து முதல் கியரில்தான் போனேன். என்னைவிட வயதான எருமைகள் என்னை முந்திப்போயின. மழை பெய்து என் காலடிக் குழிகளில் தண்ணீர் நின்றது, அதில் சிட்டுக்குருவிகள் குளித்தன, ஒரு குழியில் யாரோ சாமந்தி நட்டார்கள், அது பூத்தும் விட்டது. பலகைகள் ஒன்று ஒன்றாகக் குறைந்தன. வீட்டு வாசலிலிருந்து பாலம் வரை ஆழமான அடிகளும் பிறகு ஆழம் குறைந்த அடிகளுமாக ரோட்டில் என் நடை கிடந்தது, வெளியூர் லாரிகள் நிறுத்தி இறங்கி அதைப் பார்த்துவிட்டுப் போயின. ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டிக்காரர்கள்தான் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று, திரும்பி என் காலடியைப் பார்த்தேன். கடைசி அடிகளில் செருப்பின் பூவேலைகூடப் பதியவில்லை. வெறும் தூசியில் ஒரு அடையாளம், காற்றடித்தால் போய்விடும். அத்தப்பன் வீடு அங்கே தெரிகிறது. இதே கணக்கில் நான் அங்கே போய்ச் சேரும்போது என்னிடம் எதுவும் இருக்காது. இத்தனை வருசம் காத்திருந்து எனக்கு வந்த ஒரே சாட்சியை நானே காலால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். நடக்கமாட்டேன் என்றேன். ஜெசிந்தா வந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். படுத்தேன், படுத்தேன், எடை திரும்பி வந்தது. கட்டில் கிரீச்சிடும் ஒவ்வொரு சத்தமும் எனக்குக் காசு எண்ணும் சத்தமாகக் கேட்டது. கூடவே நோவும் வந்தது, அதே ஆணி, அதே நெருப்பு நூல், கூச்சமில்லாமல் பழைய வீட்டில் ஏறி உட்கார்ந்தது. பாத்ரூம் போகக்கூடப் பாவாயிதான் தூக்க வேண்டும்.

ஒருநாள் அவள் என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அது எப்போது வீங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏனுங்க" என்றாள். "நீங்க கனக்கறது அத்தப்பனுக்குக் காட்ட. தூக்கறது நானு."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் வைப்பது என்று தேடினேன், அத்தப்பன் மேல் வைத்தேன், நிற்கவில்லை, டாக்டர் மேல் வைத்தேன், நிற்கவில்லை. அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் எழுந்து நின்றேன். ஒருக்களித்து, கையை ஊன்றி, ஒரே கட்டையாக, அவளைக் கூப்பிடாமல்.

மறுபடி வாசற்படியிலிருந்து. மறுபடி பலகை. தாரில் விழுந்திருந்த என் பழைய குழிகளிலேயே காலை வைத்து வைத்து நடந்தேன், ஒரு வசதி அது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சாட்சியை ரோட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறோம் என்று தெரிந்தே நடந்தேன். பாலத்தைத் தாண்டினேன். பாலம் வாயைத் திறக்கவில்லை.

அத்தப்பன் வீட்டுக்குப் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. மாரப்பன் தரையை உடைக்கப்போகிறான் என்று ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. லாரிகளை ஓரங்கட்டிவிட்டு டிரைவர்கள் வந்தார்கள். சரசு மிசினை மூடிவிட்டு வந்தாள். ஜெசிந்தா விடுமுறையென்றும் பாராமல் வந்திருந்தாள். நான் யாரிடமும் என் எடையைப் பற்றிச் சொல்லவில்லை. கால் பதியாததை அவர்களே பார்த்திருப்பார்கள், ஆனால் ஒரு கூட்டம் எதிர்பார்த்துக்கொண்டு வரும்போது தரையைப் பார்த்து வராது.

படி ஏறினேன். ஏறும்போது நல்ல கால் முதலில். அத்தப்பன் கதவைத் திறந்து நின்றான். கிழவனாகியிருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்தான். கூடத்தில் ஒரு சாமான் இல்லை, சோபா இல்லை, டிவி இல்லை, சாமி படம்கூட இல்லை. வெறும் கறுப்புக் கிரானைட், அதில் என் தலைகீழ் உருவம்.

நடுவில் போய் நின்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. படியில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்கள். நான் ஒரு காலை மாற்றி வைத்தேன். தரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கிழவன் ஒரு வீட்டில் நிற்கிறான், அவ்வளவுதான்.

அத்தப்பன் நெஞ்சில் அடைத்திருந்த மூச்சை விட்டான். அவன் முகத்தில் அந்தப் பழைய டீக்கடைச் சிரிப்பு மெல்ல வந்து உட்கார்ந்தது.

"எல்லாரும் பாத்தாச்சல்ல?" என்று படியைப் பார்த்துச் சொன்னான். "எடையாம் எடை. நான் அன்னிக்கே சொன்னனே."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் மறுத்தும் பேசவில்லை. சரசு தலையைக் குனிந்துகொண்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்போது நோவுற கால் முதலில், ஒவ்வொரு படியாக இறங்கினேன். நோவுற கால் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது நோகவில்லை. கடைசிப் படிக்கு வரும்போதுதான் அதைக் கவனித்தேன். எத்தனையோ வருசத்தில் முதல் தடவையாக என் உடம்பில் நான் மட்டும் இருந்தேன். தோற்றுப்போய் இறங்குகிறவனுக்கு இப்படியா நெஞ்சு நிறையும் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கீழே இப்ராகிம் பாய் ஷட்டருக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவர் மேலே வரவேயில்லை. ஷட்டர் தரையோடு பொருந்தாமல் ஒரு சாண் தூக்கியிருந்தது.

"மாரண்ணே, இங்க வாங்க" என்றார். "அத்தப்பண்ணன் வண்டி ஏன் வெயில்ல நிக்குதுன்னு பாத்தேன். உள்ள எடமில்ல."

இரண்டு பேர் ஷட்டரைத் தூக்கினார்கள்.

உள்ளே ஒரு காடு. சவுக்குக் கட்டைகள், இரும்புச் சானல்கள், தண்டவாளக் கட்டைகள், அவற்றுக்கு நடுவில் லாரி ஜாக்கிகள், சின்னதும் பெரிதுமாக, தரையிலிருந்து மேல்தளம் வரை முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு முட்டின் தலையிலும் அழுந்தாமல் இருக்க மடித்து வைத்த சாக்கு. கூடத்தின் நடுப்பகுதிக்குக் கீழேதான் எல்லாவற்றிலும் நெருக்கம், ஒரு ஆள் ஒருக்களித்தாலும் நுழைய முடியாது. கோயில் மண்டபத்தில்கூட இவ்வளவு தூண் இல்லை.

"இது எம் பட்டறை ஜாக்கி" என்றார் பாய். "இதுவும். வண்டி தூக்கோணும்னு ஆள் விட்டு வாங்கிட்டுப் போனாரு. மாரண்ணன் கட்டில்ல இருந்து எறங்கி நடக்க ஆரமிச்ச வாரம்."

அத்தப்பன் பின்னாலேயே இறங்கி வந்திருந்தான். கூட்டம் அவனுக்கு வழிவிட்டது. அவன் அந்தக் காட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

சரசுதான் கேட்டாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்பையே அவன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள். "ஏனுங்கண்ணா, நடிப்புக்கா இத்தன முட்டு?"

அத்தப்பன் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தான். "விடியறதுக்குள்ள போயி ரோட்டுல அவங் காலடியப் பாத்தேன்" என்றான். "கைய வுட்டா மணிக்கட்டு வரைக்கும் போச்சு. அப்பறம் எப்படிங் முட்டுக் குடுக்காம இருக்கறது?"

"அப்ப நோவு இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"கேக்கலீங்" என்றாள் சரசு.

"இருந்துச்சுன்னுதான சொல்றேன்" என்று அத்தப்பன் கத்தினான். திருச்செங்கோட்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு லாரி பிரேக் போட்டு நின்றது. "அன்னிக்கும் இருந்துச்சு. எனக்குத் தெரியும். ராத்திரி தூங்கையில முனகுவான், நான் ஸ்டேரிங்கப் பிடிச்சுட்டுக் கேட்டுட்டேதான் ஓட்டுவேன். நானே எத்தன ராத்திரி ஓட்டறதுன்னு ஒரு எரிச்சல்."

கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், பண்டிகைக்கு வெடி வைத்த மாதிரி. லோடு இறக்குகிறவர்கள் ஏலேசா பாடினார்கள். டிரைவர்கள் ஓடிப்போய்த் தங்கள் வண்டிகளில் ஏறி ஹாரனைப் பிடித்து அழுத்தினார்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் ஊரில் நின்ற வண்டிகளும் பதிலுக்கு அலறின. சரசு தன் வீட்டுக்காரனைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து அவனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் அப்போதே சோற்றை ஆக்கப் போய்விட்டான் என்று பின்னால் சொன்னார்கள். ஜெசிந்தா அழுதாள், கண்டக்டர் குரலுக்கு அது பொருந்தவில்லை.

நான் அத்தப்பனைப் பார்த்தேன். அவன் ஏதோ சொல்லப்போனான். "ஜாக்கியப் பாயிக்குத் திருப்பிக் குடுத்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டில் ஏறினேன். மன்னிக்கவில்லை. அவன் ஒப்புக்கொண்டது வேறு, நான் மன்னிப்பது வேறு. என் முதுகில் இடம் காலியாகிவிட்டது என்பதற்காக அவனை அதில் ஏற்றிக்கொள்ள முடியுமா?

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் எங்கும் உட்காரவில்லை. பாவாயி பக்கத்தில் வந்தாள். இருவருடைய செருப்புச் சத்தமும் ஒரே மாதிரி கேட்டது. பாலத்தைத் தாண்டியதும் கேட்டாள்.

"நாளையிலிருந்து எதுக்குங்க நடப்பீங்க? போறதுக்குத்தான் இனி ஊடு இல்லையே."

"ஏன் இல்லாம? உங்கண்ணன் இருக்காரல்ல, பெருந்துறையில."

"எங்கண்ணன் என்னங்க பண்ணுனாரு?"

"ஆஸ்பத்திரிக்குக் கமலாப்பழம் கொண்டாந்தாரு. அத்தனையும் அழுகல்."

அவள் ரோட்டிலேயே நின்று, வீங்கிய மணிக்கட்டை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "பெருந்துறை எத்தன தொலைவு தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியும். மெதுவாப் போலாம்" என்றேன்.